‘இன்னொண்ணு வாங்கிக்கலாம்’ என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள்



நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள். ஆனால் வீட்டில் ‘ஆக்சலாட்டில் வாங்கித் தா’ என்று அடம்பிடிக்கும் பிள்ளை இருந்தால், கடைக்குப் போவதற்கு முன்னால் கட்டாயம் படித்துவிடுங்கள். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதியிருக்கிறேன். என் கோபம் உங்களுக்குப் புதிதல்ல.

நடந்ததைச் சொல்கிறேன். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், திருச்சியில் என் தங்கை மகன் வீட்டுக்கு ஓர் ஆக்சலாட்டில் வந்து சேர்ந்தது. அவன் மகளுக்கு ஒன்பதாவது பிறந்தநாள். மைன்கிராஃப்ட் விளையாட்டில் 2021இல் இந்தப் பிராணியைச் சேர்த்தார்கள். அன்றிலிருந்து உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்கு இதன் மேல் ஆசை. எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் அப்படித்தான்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டிருந்தான். ரெண்டடிக் கண்ணாடித் தொட்டி. அடியில் நீலமும் பச்சையுமாகக் கூழாங்கற்கள். நடுவில் பிளாஸ்டிக் கோட்டை. மேலே பளீரென்று எல்.இ.டி. விளக்கு. கூடவே ஏழெட்டு கப்பி மீன்கள். இத்தனைக்கும் நடுவில் விரல் நீளத்தில், ரோஜா நிறத்தில், கழுத்தின் இருபுறமும் இறகு மாதிரிச் செவுள்களோடு அந்தப் பிராணி. குழுவில் எல்லோரும் கைதட்டும் பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நாலாம் நாளிலிருந்து அது சாப்பிடவில்லை. ஒரு வாரத்தில் செவுளில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ படர்ந்தது. கடையில் கேட்டதற்கு, “வெயில் சார், ரெண்டு ஐஸ் கட்டி போடுங்க, சரியாயிடும்” என்றார்களாம். போட்டார்கள். பதினோராம் நாள் காலையில் வயிறு மேலே தெரிய மிதந்தது.

குழந்தை அழுதிருக்கிறாள். இவன் சமாதானப்படுத்தியிருக்கிறான்: “அழாதம்மா, அது மீன்தானே. இன்னொண்ணு வாங்கிக்கலாம்.”

அப்புறம் எனக்குப் போன். “பெரியம்மா, நீங்க சயின்ஸ் டீச்சர். அடுத்ததுக்குத் தொட்டி எப்படி வைக்கணும்னு சொல்லுங்க.”

ஒரு மாதம் படித்தேன். தெரிந்தவர்களிடம் கேட்டேன். என் பதில் இதுதான். அவனிடம் சொல்லிவிட்டுத்தான் பொதுவில் எழுதுகிறேன், ஏனென்றால் பழைய மாணவர்களில் இரண்டு பேர் இதே கேள்வியைப் போன வருஷம் கேட்டிருந்தார்கள். அப்போது நான், “மீன் தொட்டிதானேப்பா, தண்ணீரை மட்டும் அடிக்கடி மாத்து” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அது தப்பான பதில்.

முதலில், அது மீன் இல்லை. கடைகளில் ‘வாக்கிங் ஃபிஷ்’ என்று பெயர் சொல்லி விற்பதால் எல்லோருக்கும் இந்தக் குழப்பம். ஆக்சலாட்டில் ஒரு சாலமாண்டர். தவளை, தேரை சேர்ந்த இருவாழ்விகள் வகுப்பு. தவளையின் தலைப்பிரட்டை வளர்ந்தால் வால் சுருங்கி, செவுள் மறைந்து, கரைக்கு ஏறிவிடும். ஆக்சலாட்டில் மட்டும் வளர்ந்து, முட்டையிடும் பருவம் வந்த பிறகும் செவுளோடும் வாலோடும் தண்ணீரிலேயே இருந்துவிடும். சுலபமாகச் சொன்னால், ஆயுள் முழுக்கத் தலைப்பிரட்டைக் கோலம். காலை வெட்டினால் கால் முளைக்கும். தண்டுவடம்கூடத் திரும்ப வளரும். அதனால்தான் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் இதை வைத்து ஆராய்கிறார்கள். 2018இல் இதன் மரபணுத் தொகுதியை வாசித்து முடித்தார்கள். மனிதனுடையதைப்போல் பத்து மடங்கு பெரிது.

இதன் ஊர் எது தெரியுமா? மெக்சிகோ நகரத்தின் தெற்கே சொச்சிமில்கோ என்ற இடத்திலிருக்கும் கால்வாய்கள். காட்டில் வாழ்கிற, அதாவது இயற்கையாக வாழ்கிற ஆக்சலாட்டிலுக்கு உலகத்தில் வேறு இடமே இல்லை. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியும் ஏறக்குறைய அதே உயரம்தான். வரைபடத்தில் மெக்சிகோ வெப்ப மண்டலத்தில் இருக்கிறதே, நம்மைப்போலத்தானே என்று நினைக்காதீர்கள். ஊட்டிக் குளிரில் வாழப் படைக்கப்பட்ட பிராணியைத் திருச்சிக்குக் கொண்டுவந்து, ஜன்னல் ஓரத்தில் வைத்து, மேலே விளக்கும் போட்டுவிட்டோம். அது சாகாமல் என்ன செய்யும்?

அதற்குச் சுகமான தண்ணீர் 16 முதல் 18 டிகிரி. 20 வரை தாங்கும். 22ஐத் தாண்டினால் தவிக்கும். 24க்கு மேல் தொடர்ந்து வைத்தால் பசி போகும், பூஞ்சை பிடிக்கும், கடைசியில் செத்துப்போகும். இதில் சாதாரண அறிவியல்தான் இருக்கிறது. 18 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஒன்பதரை மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். மூச்சுக்கு வேண்டியது குறைகிற அதே நேரத்தில், சூட்டினால் உடம்புக்குத் தேவை கூடுகிறது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் சூடான தண்ணீரில் அதிக நஞ்சாகிறது. மூன்று பக்கமும் அடி.

சரி, கடைக்காரர் சொன்ன ஐஸ் கட்டிக்கு வருவோம். என்னிடம் படித்தவர்கள் பென்சிலை எடுங்கள்.

வளர்ந்த ஆக்சலாட்டில் ஒன்றுக்கு மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி வேண்டும். விளிம்புவரை நிரப்பாமல் 150 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியிலிருந்து 18க்கு இறக்க வேண்டும். ஒரு லிட்டரை ஒரு டிகிரி குளிர்விக்க ஒரு கிலோகலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். 150 தரம் 12, ஆக 1,800 கிலோகலோரி. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 எடுக்கும். உருகிய தண்ணீர் பூஜ்ஜியத்திலிருந்து 18க்கு ஏறும்போது இன்னொரு 18. மொத்தம் 98. 1,800ஐ 98ஆல் வகுங்கள். பதினெட்டு கிலோவுக்கும் மேலே வருகிறது. அதுவும் ஒரே ஒரு தடவைக்கு. சாயங்காலத்துக்குள் தண்ணீர் பழையபடி சூடேறும். மறுபடி பதினெட்டு கிலோ.

நம் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும் ரெண்டு ஐஸ் டிரே என்பது அரை கிலோ. அது 150 லிட்டரை மூன்றில் ஒரு பங்கு டிகிரிதான் இறக்கும். சின்னத் தொட்டியாக இருந்தால் சட்டென்று இரண்டு மூன்று டிகிரி இறங்கி, ஒரு மணி நேரத்தில் திரும்ப ஏறும். அந்த ஏற்ற இறக்கம் அதற்கு இன்னொரு கொடுமை. கணக்குத் தெரிந்த ஒருவர்கூட அந்த வீட்டில் இல்லையா? இருந்தார்கள். என் தங்கை மகன் பொறியாளன். யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

“ஃபேன் வைக்கலாமே பெரியம்மா” என்றான். தண்ணீர் மேல் காற்று படும்படி சின்ன ஃபேன் வைத்தால் ஆவியாகும்போது இரண்டு மூன்று டிகிரி இறங்கும், உண்மைதான். மண்பானையின் கதை அது. 31, 28 ஆகும். நமக்கு வேண்டியது 18. சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஈரக் காற்றில் அதுவும் பலிக்காது.

“ஏசி ரூம்ல வைக்கிறோம்” என்பது அடுத்த பதில். எத்தனை மணி நேரம் ஓடும் உங்கள் ஏசி? ராத்திரி பத்திலிருந்து காலை ஆறுவரை, அதுவும் 24இல். பகலெல்லாம் அது என்ன செய்யும்? இருபத்துநாலு மணி நேரமும், முந்நூற்று அறுபத்தைந்து நாளும், 18இல் ஓட்டத் தயார் என்றால் பேசலாம். இல்லையென்றால் வழி ஒன்றே ஒன்று. சில்லர் என்று தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம். பிராணி, தொட்டி, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்த விலையைவிடச் சில்லர் விலை அதிகம். அதனால்தான் கடையில் அதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. சில்லர் விலையையும் மின்கட்டணத்தையும் முதலிலேயே சொன்னால் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். கரன்ட் போனால் என்ன செய்வது என்பதற்கும் பதில் வேண்டும். இன்வெர்ட்டர் அதைத் தாங்குமா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்துத் தயாராக வைத்திருக்க வேண்டும். ஐஸ் பாட்டிலின் வேலை அதுதான். இரண்டு மணி நேர அவசரத்துக்கு உதவும். வைகாசி முழுக்கக் காப்பாற்றாது.

சில்லர் வாங்க முடிந்தவர்களுக்கு மட்டும் இனிமேல் சொல்வது. முடியாதவர்களும் படியுங்கள், அந்தப் பிறந்தநாள் தொட்டியில் ஒவ்வொன்றும் எப்படித் தப்பு என்று புரியும்.

தரை: கூழாங்கல் கூடவே கூடாது. ஆக்சலாட்டில் வாயைச் சட்டென்று திறந்து, தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். பக்கத்தில் கல் இருந்தால் அதுவும் உள்ளே போகும். குடலில் அடைத்துக்கொண்டு செத்துப்போகும். வெறும் கண்ணாடித் தரை போதும், சுத்தம் செய்யவும் சுலபம். கால் வழுக்குகிறதே என்று தோன்றினால், அது ஒரு சாண் நீளம் வளர்ந்த பிறகு ஒரு மில்லிமீட்டருக்கும் நைசான மணல் போடலாம். அதற்கு முன்னால் வேண்டாம்.

வெளிச்சம்: அதற்குக் கண்ணிமை கிடையாது. பளிச்சென்ற விளக்கின் கீழ் வைத்தால் கண்ணை மூடிக்கொள்ளக்கூட அதனால் முடியாது. ஜன்னல் வெயில் படாத மூலையில் வையுங்கள். உள்ளே புகுந்து ஒளிந்துகொள்ள, இரண்டு பக்கமும் திறந்த மழமழப்பான குழாயோ கவிழ்த்த மண்சட்டியோ இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். கூரான விளிம்பு இருக்கக் கூடாது, அதன் தோலும் செவுளும் அவ்வளவு மென்மை. ‘ஒளிஞ்சுக்கிட்டா எப்படிப் பார்க்கிறது’ என்று கேட்பவர்கள் பொம்மை வாங்கிக்கொள்ளுங்கள்.

நீரோட்டம்: அது தேங்கின மாதிரி மெதுவாக நகரும் கால்வாயில் வாழ்கிற ஜீவன். வேகமாகத் தண்ணீரை அடிக்கும் ஃபில்டர் வைத்தால் செவுள்கள் முன்பக்கமாக வளையும், வால் நுனி சுருளும், சாப்பிடாது. காற்று பம்பில் ஓடும் ஸ்பான்ஞ்சு ஃபில்டர் நல்லது. சில்லரிலிருந்து திரும்பி வரும் தண்ணீரை, துளைகள் போட்ட குழாய் வழியாகக் கண்ணாடிச் சுவரைப் பார்த்து விழ வையுங்கள். வேகம் உடையும். இன்னொன்று, சில்லர் தொட்டியிலிருந்து எடுக்கும் சூட்டை அறைக்குள்தான் தள்ளும். அதை அலமாரிக்குள் மூடி வைத்துவிட்டு ‘வேலை செய்யலை’ என்று சொல்லாதீர்கள்.

மூடி: கட்டாயம். அது துள்ளி வெளியே விழும்.

எடை: 150 லிட்டர் தண்ணீர் 150 கிலோ. கண்ணாடியும் சேர்த்தால் இரண்டு ஆள் ஏறி நிற்கிற கனத்துக்கும் மேல். டிவி ஸ்டாண்டு, படிக்கிற மேசை எல்லாம் தாங்காது.

தண்ணீர்: இதில்தான் ரொம்பப் பேர் தோற்கிறார்கள். நைட்ரஜன் சுழற்சி என்று கரும்பலகை நிறைய அம்புக்குறி போட்டு நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? ‘இதெல்லாம் எதுக்கு டீச்சர்’ என்று கேட்டவர்களுக்கு இப்போது பதில். பிராணியின் கழிவு அம்மோனியா ஆகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் கடும் விஷம், மூன்றாவதை வாராவாரம் தண்ணீர் மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேறிப் பெருக நாலு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் பிராணி இருக்கக் கூடாது. வெறும் தொட்டியில் அம்மோனியா சொட்டுவிட்டோ, மீன் தீனி போட்டு அழுகவிட்டோ பழக்க வேண்டும். அம்மோனியா பூஜ்ஜியம், நைட்ரைட் பூஜ்ஜியம், நைட்ரேட் 20 பிபிஎம்மைத் தாண்டாமல் என்று சோதனைத் திரவங்கள் காட்டிய பிறகுதான் கடைப்பக்கம் போக வேண்டும்.

காலையில் தொட்டி, சாயங்காலம் பிராணி என்று எவர் விற்றாலும் அது சரியில்லை. பிறந்தநாளுக்குத் திடீர்ப் பரிசாகக் கொடுக்கவே முடியாத பிராணி இது. இரண்டு மாதம் முன்னாலேயே பிள்ளைக்குத் தெரிந்துவிடும்!

நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதை அப்படியே ஊற்றினால் செவுள் வெந்துபோகும், ஃபில்டர் பாக்டீரியாவும் சாகும். குளோரின் நீக்கும் மருந்து சொட்டுவிட வேண்டும். உடனே புத்திசாலி ஒருவன், “அப்ப ஆர்.ஓ. தண்ணி ஊத்தலாமே டீச்சர்” என்பான். கூடாது. ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்பு ஏதும் மிச்சமிருக்காது. அதற்குக் கொஞ்சம் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். பி.எச். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இருந்தால் நல்லது. போர் தண்ணீராக இருந்தால் உப்பு எவ்வளவு என்று சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

துணை: அதற்குத் துணை வேண்டாம், தனிமையால் அது ஏங்காது. மீன்கள் அதன் செவுளைக் கடிக்கும், இல்லையென்றால் அது மீனைத் தின்னும். பிறந்தநாள் தொட்டியில் கப்பிகள் அந்தச் செவுள்களைக் கொத்திக்கொண்டிருந்ததைக் குழந்தை ‘முத்தம் கொடுக்குது பாட்டி’ என்று எனக்கு வீடியோ அனுப்பியிருந்தாள். குட்டி ஆக்சலாட்டில்களை ஒன்றாகப் போட்டால் ஒன்றின் காலை ஒன்று கடித்துத் தின்னும். வளர்ந்த ஆணையும் பெண்ணையும் சேர்த்துப் போட்டால் ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கில் முட்டை. அத்தனை குட்டிகளை என்ன செய்வீர்கள்?

தீனி: மண்புழு. அதைவிட நல்ல உணவு அதற்கு இல்லை. உரம், பூச்சிமருந்து படாத மண்ணிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். மண்புழு உரத் தொட்டியில் வளரும் சின்னச் சிவப்புப் புழு கசக்கும், பல ஆக்சலாட்டில்கள் துப்பிவிடும். சாக்கடைச் சேற்றில் பிடித்து விற்கிற டியூபிஃபெக்ஸ் புழு வேண்டாம், நோய் வரும். ‘பாக்க நல்லா இருக்கும்’ என்று தங்கமீனை உயிரோடு போடுவதும் வேண்டாம்.

இவ்வளவும் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் அது அத்தனை வருஷம் இருக்கும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வாங்கினால், அவள் கல்லூரிக்குப் போன பிறகும் தண்ணீர் மாற்றப் போவது யார்? அவள் அம்மாதான். வாங்கும்போது யாரும் அந்தப் பெண்ணிடம் கேட்கவில்லை.

இதற்கு வரும் எதிர்வாதங்களும் எனக்குத் தெரியும்.

“எல்லாக் கடையிலயும் விக்கிறாங்க, நம்ம ஊர்ல வாழாதுன்னா விப்பாங்களா?” விற்பார்கள். செத்தால் நீங்கள் இன்னொன்று வாங்க வருவீர்கள் அல்லவா?

“அழியப்போற இனம். நாம வளத்தா காப்பாத்துற மாதிரிதானே?” இந்த வாதத்தைச் சொன்னது படித்த பிள்ளை, அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். சொச்சிமில்கோவில் 1998இல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 அளவில் இருந்த ஆக்சலாட்டில், 2014 கணக்கெடுப்பில் 40க்கும் கீழே போய்விட்டது. காரணம், நகரம் பெருத்தது, கழிவுநீர் கலந்தது, ஏரிகள் வற்றின. இன்னொரு காரணம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆள்தான். உணவுக்கு ஆகும் என்று கெண்டையையும் திலாப்பியாவையும் அந்தக் கால்வாய்களில் விட்டார்கள். அவை முட்டையையும் குட்டியையும் தின்று தீர்த்தன. திலாப்பியா என்றால் நம் ஜிலேபிக் கெண்டை. 1952இல் இந்தியாவுக்கு வந்து, இன்று நம் குளம் குட்டை எங்கும் நிறைந்திருப்பதும் அந்த இனம்தான். ஒரு நீரில் வேற்றூர் ஜீவனை விட்டால் என்னவாகும் என்பதற்கு நம் ஊர்க் குளமே சாட்சி. ஆகவே, ‘வளக்க முடியலை’ என்று ஆக்சலாட்டிலைக் கொண்டுபோய் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஓடையில் விட்டுவிட்டு வரும் புண்ணியத்தையும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

கடையில் விற்பவை சொச்சிமில்கோவிலிருந்து வந்தவை அல்ல. 1864இல் 34 ஆக்சலாட்டில்கள் பாரிசுக்குக் கப்பலில் போயின. அவற்றின் சந்ததிதான் ஆய்வுக்கூடங்களுக்கும் பிறகு வீட்டுத் தொட்டிகளுக்கும் பரவியது. நடுவில் வேறு இனச் சாலமாண்டரோடும் கலந்துவிட்டார்கள். நம் வீட்டில் ஒன்று வளர்ந்தால் அந்தக் கால்வாயில் ஒன்றும் கூடப்போவதில்லை. காப்பாற்றுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் சம்பிரானோ என்ற உயிரியலாளரும் அவர் குழுவும், சினாம்பாத் தோட்ட விவசாயிகளோடு சேர்ந்து, வாய்க்கால்களின் வாயில் கெண்டை நுழையாதபடி தடுப்பு வைத்து, தண்ணீரைச் செடிகளால் சுத்தப்படுத்தி, ஆக்சலாட்டிலுக்கு ஒதுங்கிடம் உண்டாக்குகிறார்கள். பாதுகாப்புதான் உங்கள் நோக்கம் என்றால் அந்த வேலையைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சட்டமும் இருக்கிறது. ஆக்சலாட்டில் சைட்ஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் கொண்டுவந்த திருத்தமும், 2024இல் வந்த விதிகளும், இப்படிப்பட்ட பிராணிகளை வைத்திருப்பவர்கள் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. பிறந்தநாள் கடையில் பில்லே கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கடைசி வாதம் குழந்தையுடையது. “பாட்டி, அது எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருந்துச்சே, அதுக்கு வலிச்சுதா?” அதன் வாய் அமைப்பே அப்படிம்மா என்றேன். வலித்தாலும் செத்தாலும் அந்த வாய் அப்படித்தான் இருக்கும். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை.

‘இன்னொண்ணு வாங்கிக்கலாம்’ என்ற பேச்சு என்னை ஏன் இப்படிச் சுட்டது என்று சொல்கிறேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த சிலருக்கு நினைவிருக்கும். ஒரு மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தேங்கின குட்டையிலிருந்து தலைப்பிரட்டைகளைப் பிடித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வகுப்பறை ஜன்னலில் வைத்தேன். தவளையின் வாழ்க்கைச் சுழற்சியை நேரில் காட்டுகிறேன் என்று எனக்குப் பெருமை. சனி, ஞாயிறு விடுமுறை. மழை விட்டு வெயில் காய்ந்தது. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தால் நாற்றம். பாட்டில் தண்ணீர் கையைச் சுட்டது. ஒரு பெண் குழந்தை தேம்பித் தேம்பி அழுதாள். நான் அவளிடம் சொன்னது: “அழாதே, வெறும் தலைப்பிரட்டைதானே. நாளைக்கு வேற புடிச்சுக்கலாம்.”

மறுநாள் வேறு பிடிக்கவும் செய்தேன். பாட்டிலை நிழலுக்கு மாற்றவேண்டும் என்றுகூட அன்று தோன்றவில்லை. வாழ்க்கைச் சுழற்சிப் படத்தை அந்த வகுப்பு நன்றாகத்தான் வரைந்தது. ஆனால் அந்த வாரம் அவர்கள் என்னிடம் உண்மையில் படித்த பாடம் வேறு. உயிர் போனால் பரவாயில்லை, ஈடு கட்டிக்கொள்ளலாம் என்பதுதான் அது. ஆசிரியப் பயிற்சிப் பட்டயம் வாங்கின எனக்கே அது தெரியவில்லை. அழுத அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருந்தது. அவள் இன்று இந்தப் பக்கத்தில் என்னைத் தொடர்கிறாள். அம்மா, உன்னிடம் இத்தனை வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீ அழுதது சரி, நான் சொன்னது தப்பு.

பிள்ளை அழும்போது அந்த அழுகையை நிறுத்துவதுதான் நம் அவசரமாக இருக்கிறது. “நாம செஞ்ச தப்புல அது செத்துப்போச்சு. என்ன தப்புன்னு பார்ப்போம் வா” என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை, ஏனென்றால் தப்பில் நம் பங்கு பெரிது. இன்னொன்று வாங்கிக் கொடுத்தால் பேச்சு முடிந்துவிடும். ஆனால் அதே தொட்டி, அதே வெயில், அதே கல். அடுத்ததும் சாகும். மூன்றாவது தடவை குழந்தை அழவே மாட்டாள். எனக்குப் பயமாக இருப்பது அதுதான்.

ஆகவே எல்லோருக்கும் வீட்டுப்பாடம் தருகிறேன். செலவு அதிகமில்லை.

தொட்டி வைக்கப்போகும் அதே இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள். மீன் தொட்டிக்கு என்று விற்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் உதவாது, அது 35 டிகிரியில்தான் ஆரம்பிக்கும். ஏழு நாள், மத்தியானம் மூன்று மணிக்கும் ராத்திரி பத்து மணிக்கும் பிள்ளையையே பார்க்கச் சொல்லி நோட்டில் எழுத வையுங்கள். பக்கத்தில் 18 என்று ஒரு கோடு போடுங்கள். எழுதின எண்களுக்கும் அந்தக் கோட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பிள்ளையே சொல்லட்டும். அதற்குப் பிறகும் ஆசை இருந்து, வசதியும் இருந்தால், தொட்டியும் சில்லரும் வாங்கி, பிராணி இல்லாமல் சித்திரை வைகாசி முழுக்க ஓட்டுங்கள். கோடை முழுக்கத் தண்ணீர் 18இல் நின்றால், சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் என்று வந்தால், பில்லும் பதிவுக்கு வேண்டிய தாளும் கொடுப்பவரிடம் வாங்குங்கள். அப்போது நான் வாயைத் திறக்க மாட்டேன். வந்து பார்த்துவிட்டுக் கைதட்டும் பொம்மையும் போடுவேன்.

திருச்சியில் இந்த வீட்டுப்பாடத்தைச் செய்து முடித்துவிட்டோம். குழந்தை நோட்டில் எழுதியிருக்கும் மத்தியான எண்கள்: 31, 31, 32, 31, 30, 31, 31. அந்த 30 மழை பெய்த நாள். ஏழாம் நாள் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். “பாட்டி, நாம ஊட்டிக்கு வீடு மாத்திக்கலாமா?” என்றாள். அவள் அப்பா சிரித்தான், நான் சிரிக்கவில்லை. சரியான கேள்வி அது. பிராணிக்கு ஏற்ற இடம் எது என்று அந்த வீட்டில் முதலில் யோசித்தது அவள்தான்.

இன்னும் அவளுக்கு ஆக்சலாட்டில் ஆசை போகவில்லை. என் மேல் கொஞ்சம் கோபமும் இருக்கிறது. இருக்கட்டும். கல்லையும் கோட்டையையும் எடுத்துவிட்டு, விளக்கைக் குறைத்து, அதே தொட்டியில் அந்தக் கப்பிகளை மட்டும் வைத்திருக்கிறோம். நம் ஊர்ச் சூட்டை அவை தாங்கும். சனிக்கிழமைதோறும் தண்ணீர் மாற்றுவது அவள் பொறுப்பு. இதுவரை ஒரு வாரமும் தவறவில்லை.

வீட்டுப்பாடம் செய்தவர்கள் உங்கள் ஏழு நாள் எண்களைக் கீழே எழுதுங்கள். திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்